நியூரோசர்ஜரி படிக்க விரும்பும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு: வார்டு முதல் சேர்க்கை மேசை வரை

தரவரிசை இருந்தது. ஒதுக்கீட்டு ஆணையும் கையில் இருந்தது. சேர்க்கை மேசையில் என் சாதிச் சான்றிதழைப் பார்த்த அலுவலர், "இது மாநில அரசு கொடுத்தது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார். என்னிடம் அது இல்லை. ஊரில் வட்டாட்சியர் அலுவலகம் ஐந்நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மறுநாள் மாலையோடு சேர்க்கை முடிந்தது, இடமும் போனது. அடுத்த ஆண்டு முழுவதும் மீண்டும் படித்து, மீண்டும் எழுதி, பிறகுதான் அறுவை சிகிச்சைப் படிப்புக்குள் நுழைந்தேன். அந்த ஓராண்டு யாருக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்றாம் ஆண்டு, இறுதி ஆண்டு மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். தேர்வு விதிகள் ஆண்டுதோறும் சற்று மாறும். விண்ணப்பிக்கும் ஆண்டின் தகவல் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நீங்களே படியுங்கள். சீனியர் சொன்னார், வாட்ஸ்அப் குழுவில் வந்தது என்று எதையும் நம்பிவிடாதீர்கள்.

1. முடிவெடுக்கும் முன் வார்டில் இருங்கள்

நியூரோசர்ஜரி வேண்டும் என்று சொல்லும் பலர் அந்த வார்டில் ஓர் இரவைக் கூடக் கழித்திருக்க மாட்டார்கள். மூளையின் மீதுள்ள வியப்பு மட்டும் படிப்பின் ஆறு ஆண்டுகளுக்குத் தாங்காது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தத் துறையின் அன்றாட வேலையில் பெரும் பகுதி சாலை விபத்துத் தலைக்காயம்தான். இரவு ஒரு மணிக்கு ஹெல்மெட் அணியாத இளைஞன் ஒருவன் வருவான். அவனுக்கு சி.டி. எடுக்க வேண்டும், ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டும், கதவுக்கு வெளியே நிற்கும் தாயிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும். விடிந்த பிறகு வழக்கமான பணி நாள் தொடங்கிவிடும்.

இப்போதைய பாடத்திட்டத்தில் மாணவரே துறையைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டிவ் காலம் உண்டு. உங்கள் கல்லூரியில் நியூரோசர்ஜரித் துறை இருந்தால் அந்த வாரங்களை அங்கே கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பயிற்சி மருத்துவராக அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது, துறைத் தலைவரிடம் அனுமதி பெற்று விபத்துச் சிகிச்சைப் பிரிவின் இரவுப் பணிகளைக் கூடுதலாகக் கேளுங்கள்.

அங்கே அறுவை அரங்கின் மூலையில் நின்று எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் நினைவு நிலையை அளக்கும் ஜி.சி.எஸ். மதிப்பெண்ணை நீங்களே போட்டுப் பாருங்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. மிகக் குறைந்தது 3. மொத்த எண்ணை மட்டும் எழுதாமல் மூன்றையும் தனித்தனியே எழுதப் பழகுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதே நோயாளியை மறுபடி பாருங்கள். எண் இரண்டு குறைந்தால் உடனே யாரை அழைப்பது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சி.டி. படத்தில் மூளையின் வெளியுறைக்கு மேலே சேரும் எக்ஸ்ட்ராடூரல் ரத்தக்கட்டு இருபுறமும் குவிந்த லென்சு போலவும், அந்த உறைக்கு உள்ளே சேரும் சப்டூரல் பிறை போலவும் தெரியும். புத்தகத்தில் படித்ததை ஐம்பது படங்களில் பார்த்த பிறகுதான் கண்ணுக்குப் பழகும். ரத்த அழுத்தம் ஏறி, நாடித்துடிப்பு குறையும் நோயாளியைக் கண்டால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதைச் சரியான நேரத்தில் கவனித்துச் சொன்ன ஒரு பயிற்சி மருத்துவரை எங்கள் பேராசிரியர் பல ஆண்டுகள் கழித்தும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. "இது உனக்கு ஒத்துவராது" என்று வீட்டிலும் கல்லூரியிலும் சொல்வார்கள். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி. எஸ். கனகா சென்னையில் பயின்று சென்னையிலேயே பணியாற்றியவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் முன்பே அவர் நடந்து முடித்த பாதை இது.

2. ஆறு ஆண்டா, மூன்றும் மூன்றுமா?

இந்தியாவில் நியூரோசர்ஜன் ஆக இரண்டு வழிகள் உள்ளன. பலர் இரண்டாவதை மட்டுமே கேள்விப்பட்டிருக்கிறார்கள்.

முதல் வழி, எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாக ஆறு ஆண்டு படிப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனங்களில் ஆறு ஆண்டு எம்.சிஎச். (உயர் சிறப்பு அறுவை சிகிச்சைப் பட்டம்) உண்டு. அதற்கு அந்த நிறுவனங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான ஐ.என்.ஐ. செட் எழுத வேண்டும். எம்.டி., எம்.எஸ். இடங்களோடு ஆறு ஆண்டு டி.எம்., எம்.சிஎச். இடங்களும் அந்த ஒரே தேர்வில்தான் வருகின்றன. இது தவிர, தேசியத் தேர்வு வாரியம் எம்.சிஎச்.-க்கு இணையாக வழங்கும் ஆறு ஆண்டு டி.ஆர்.என்.பி. நியூரோசர்ஜரி படிப்பை அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் படிக்கலாம். அதற்கு முதுநிலைப் படிப்புகளுக்கான நீட் பி.ஜி. தேர்வின் மதிப்பெண் வேண்டும்.

இரண்டாவது வழி, நீட் பி.ஜி. எழுதி மூன்று ஆண்டு எம்.எஸ். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பொது அறுவை சிகிச்சை முடித்து, பிறகு உயர் சிறப்புப் படிப்புகளுக்கான நீட் எஸ்.எஸ். அல்லது ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தேர்வு எழுதி மூன்று ஆண்டு எம்.சிஎச். அல்லது டி.ஆர்.என்.பி. படிப்பது.

ஆறு ஆண்டுப் படிப்பின் பெரிய நன்மை, இரண்டாவது நுழைவுத் தேர்வு இல்லை என்பது. நடுவில் காத்திருக்கவும் வேண்டாம். நரம்பியல் சூழலில் தொடக்கத்திலிருந்தே இருப்பீர்கள். ஆனால் நான்காம் ஆண்டில் இது எனக்கானதல்ல என்று தெரிந்தால், கையில் எம்.எஸ். பட்டமும் இல்லாமல் வெளியே வர வேண்டியிருக்கும். இப்படி விலகிய ஒருவரை எனக்குத் தெரியும். நான்கு ஆண்டுகள் கழிந்த பின் மீண்டும் நீட் பி.ஜி. எழுதினார். எனவே, வார்டில் நீண்ட நாள் இருந்து பார்த்து உறுதியாக இருப்பவர்கள் மட்டுமே ஆறு ஆண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்றும் மூன்றும் என்ற வழியில், எம்.எஸ். முடித்ததும் நீங்கள் ஒரு முழுமையான அறுவை சிகிச்சை மருத்துவர். மனம் மாறினால் சிறுநீர்ப்பாதை அறுவை (யூராலஜி), குடல் அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி என்று திரும்பலாம். இழப்பது காலத்தை. காகிதத்தில் ஆறு ஆண்டு என்றாலும் தேர்வுத் தேதி தள்ளிப்போகும், கலந்தாய்வு இழுக்கும். 2024-ஆம் ஆண்டுக்கான நீட் எஸ்.எஸ். தேர்வு 2025 மார்ச் இறுதியில்தான் நடந்தது. ஆறு ஆண்டைக் கணக்கிடும்போது இன்னும் ஓராண்டைச் சேர்த்தே வீட்டாரிடம் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் மூன்றாவதாக ஒரு கதவும் இருக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் வழியாக அரசுப் பணியில் சேர்ந்து, தகுதியான பணிக்காலத்தை முடித்தவர்களுக்கு அரசுக் கல்லூரிகளின் மாநில ஒதுக்கீட்டு முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு தனியே உண்டு. அரசுக் கல்லூரிகளின் உயர் சிறப்புப் படிப்பு இடங்களிலும் 50 விழுக்காடு பணியிலுள்ள மருத்துவர்களுக்கென ஒதுக்க 2020-இல் அரசாணை வந்தது. உச்ச நீதிமன்றமும் பின்னர் அதை அனுமதித்தது. வீட்டுப் பொருளாதாரம் காரணமாக உடனே சம்பளம் தேவைப்படுபவர்கள் இந்த வழியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு, மூன்று ஆண்டு பணியாற்றி, பிறகு நல்ல கல்லூரியில் எம்.எஸ். சேர்ந்தவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

3. தேர்வுகள்: எப்போது, எவ்வளவு, எங்கே தவறுகிறோம்

நீட் பி.ஜி.: 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு. அண்மைய ஆண்டுகளில் தாள் ஐந்து பகுதிகளாக வருகிறது. ஒவ்வொன்றிலும் 40 கேள்விகள், 42 நிமிடம். ஒரு பகுதியின் நேரம் முடிந்தால் திரும்பிப் போக முடியாது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கேள்விகளை விட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் மாதிரித் தேர்வுகளிலேயே அதை விட்டுவிடுங்கள். 2024 முதல் கட்டணம் பொதுப் பிரிவு, ஓ.பி.சி., பொருளாதாரத்தில் நலிந்த (இ.டபிள்யூ.எஸ்.) பிரிவினருக்கு 3,500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 2,500 ரூபாய்.

ஐ.என்.ஐ. செட்: 200 கேள்விகள், மூன்று மணி நேரம், தவறுக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் கழிவு. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். ஜூலை சேர்க்கைக்கு மே மாதத்திலும், ஜனவரி சேர்க்கைக்கு நவம்பரிலும் வருவது வழக்கம். ஒரே ஆண்டில் இரண்டு வாய்ப்பு என்பதால் ஆறு ஆண்டுப் படிப்பை விரும்புவோர் இரண்டையும் எழுத வேண்டும்.

படிப்பது எப்படி என்று நான் அதிகம் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நியூரோசர்ஜரி வேண்டும் என்பதற்காக நரம்பியலை மட்டும் ஆழமாகப் படித்து, சமூக மருத்துவம், நுண்ணுயிரியல், மருந்தியலைக் கைவிடாதீர்கள். பத்தொன்பது பாடங்களும் சேர்ந்துதான் தரவரிசை ஆகிறது.

விண்ணப்பத்தில் நடக்கும் தவறுகள்தான் கொடுமை. பயிற்சிக்காலம் முடிய வேண்டிய கடைசித் தேதி ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கப்படும். நீட் பி.ஜி. 2025-க்கு அது 2025 ஜூலை 31. துணைத் தேர்வு எழுதித் தாமதமாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள், பயிற்சிக்கு நடுவே நீண்ட விடுப்பு எடுத்தவர்கள் இந்தத் தேதியை முன்பே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்து நாள் விடுப்பு ஓராண்டைக் கொண்டுபோய்விடலாம். அடுத்தது புகைப்படம், கையொப்பம், விரல் ரேகை. அளவோ பின்னணியோ தவறினால் திருத்தச் சில நாள் அவகாசம் தருவார்கள். அந்த மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டால் விண்ணப்பமே நிராகரிக்கப்படும். தினமும் திறக்கும் மின்னஞ்சல் முகவரியையே கொடுங்கள்.

4. சான்றிதழ்க் கோப்பை இன்றே தொடங்குங்கள்

இதைத்தான் எல்லோரும் கடைசிக்கு விடுகிறார்கள். நானும் விட்டேன்.

கோப்பில் இருக்க வேண்டியவை: பிறந்த தேதிக்கான பத்தாம் வகுப்புச் சான்றிதழ், எம்.பி.பி.எஸ். எல்லா ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிக அல்லது நிரந்தரப் பட்டச் சான்றிதழ், பயிற்சி நிறைவுச் சான்றிதழ், மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், தேர்வு நுழைவுச்சீட்டு, மதிப்பெண் அட்டை, ஆதார், ஒரே நாளில் எடுத்த புகைப்படங்கள் இருபது. மாநிலக் கலந்தாய்வுக்கு இருப்பிடச் சான்றிதழும் நிரந்தரச் சாதிச் சான்றிதழும் வேண்டும். எல்லாவற்றையும் வண்ணத்தில் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் விழுந்த குழி. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று நமக்கு இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில ஒதுக்கீட்டுக்கு மட்டுமே செல்லும். அகில இந்தியக் கலந்தாய்வில் ஓ.பி.சி. 27 விழுக்காட்டில் இடம் பெற, மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவான கிரீமிலேயரில் இல்லை என்ற குறிப்போடு தனிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கேயும் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். பெற்றோரின் ஊதியமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் பெற்றோர் வகிக்கும் அரசுப் பதவியின் நிலையைத் தனியே பார்ப்பார்கள். எந்தத் தேதிக்குப் பின் வாங்கிய சான்றிதழ் செல்லும் என்பதைக் கையேட்டில் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூவரைத் தாண்டி வர வேண்டும். தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல், தேர்வுக்கு விண்ணப்பித்த வாரத்திலேயே இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவர்களின் சான்றிதழ் ஆண்டுக்காண்டு புதிதாக வாங்க வேண்டியது.

இன்னொரு குழி நம் பெயர்கள். பத்தாம் வகுப்பில் இனிஷியல் முன்னால், ஆதாரில் தந்தையின் முழுப் பெயர் பின்னால், பல்கலைக்கழகச் சான்றிதழில் இனிஷியலே இல்லை என்று மூன்று விதமாக இருக்கும். தமிழ்நாட்டுக்குள் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வடக்கே ஒரு நிறுவனத்தில் இதை மூன்று வேறு மனிதர்களாகப் பார்ப்பார்கள். தேர்வு விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதுங்கள். முடிந்தால் ஆதாரை அதற்கேற்பத் திருத்துங்கள். முடியாவிட்டால் மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

5. கலந்தாய்வு

நீட் பி.ஜி. எழுதியவர்கள் இரண்டு கலந்தாய்வுகளுக்குத் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டின் 50 விழுக்காட்டு இடங்களுக்கு மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு (எம்.சி.சி.) நடத்துவது ஒன்று; மாநில இடங்களுக்குச் சென்னையிலுள்ள தேர்வுக் குழு நடத்துவது மற்றொன்று. ஒன்றில் பதிவு செய்தால் மற்றதும் ஆகிவிடும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

எம்.சி.சி. பதிவில் திரும்பக் கிடைக்காத கட்டணம் பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை 25,000 ரூபாய் என்று இருந்துவருகிறது. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு முறையே 500, 10,000 ரூபாய். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் 5,000 ரூபாயும் 2 லட்சம் காப்புத்தொகையும் கட்ட வேண்டும். எந்த வங்கிக் கணக்கிலிருந்து கட்டுகிறீர்களோ அதற்கே பணம் திரும்பும் என்பதால் கணினி மையக்காரரின் கார்டைப் பயன்படுத்த வேண்டாம்.

முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் இழப்பில்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் காப்புத்தொகை போகும். கடைசிக் காலியிடச் சுற்றில் கிடைத்ததை விட்டால் பணத்தோடு அடுத்த தேர்வு எழுதும் உரிமையும் போகலாம். முதல் சுற்றில் சேர்ந்து, மேம்பாடு வேண்டும் என்று கொடுத்து, இரண்டாம் சுற்றில் வேறு இடம் கிடைத்தால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். ஆகவே, இப்போது இருக்கும் இடத்தைவிட உண்மையிலேயே உயர்வாக நீங்கள் கருதும் இடங்களை மட்டும் அடுத்த சுற்றுப் பட்டியலில் வையுங்கள்.

எம்.எஸ். இடம் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே நியூரோசர்ஜரித் துறை தனியே இயங்குகிறதா, எம்.எஸ். மாணவர்களுக்கு அங்கே சுழற்சிப் பணி உண்டா, இரண்டாம் ஆண்டு மாணவர் கையில் கத்தியைக் கொடுக்கிறார்களா என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள். ஆறு ஆண்டு டி.ஆர்.என்.பி. என்றால் கேள்விகள் இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். மாதம் எத்தனை அறுவைகள், அவற்றில் முதுகெலும்பு எத்தனை, கட்டி எத்தனை, விபத்து எத்தனை? பயிற்சியாளர் தானாகச் செய்வது எத்தனை, இறுதித் தேர்வில் கடந்த மூன்று ஆண்டுகளில் தேறியவர்கள் எத்தனை பேர்? சில தனியார் மருத்துவமனைகளில் நோயாளிகள் ஏராளம் இருந்தும் பயிற்சியாளர் துணைக்கையாகவே ஆறு ஆண்டு நின்றுவிடுவார். இந்தக் கேள்விகளுக்கு நேரான பதில் வராத இடத்தை நான் பட்டியலின் கீழே தள்ளுவேன்.

6. எம்.எஸ். காலத்தில்

முதல் ஆண்டில் ஆய்வேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே தலைக்காயம் தொடர்பானதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைப் பிரிவிலேயே நோயாளிகள் கிடைப்பார்கள், பின்னர் கட்டுரையாக வெளியிடவும் உதவும். இன்னும் எம்.பி.பி.எஸ். படிப்பவர்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) வழங்கும் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு நியூரோசர்ஜரிப் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு விண்ணப்பிக்கலாம்.

நீட் எஸ்.எஸ். தாள் 150 கேள்விகள், இரண்டரை மணி நேரம். அறுவை சிகிச்சைப் பிரிவுக்கான கேள்விகள் பொது அறுவையின் முழுப் பாடத்திலிருந்தும் வரும். நியூரோசர்ஜரிப் புத்தகங்களை மட்டும் படித்துப் போனால் எதுவும் கிடைக்காது. மார்பகம், தைராய்டு, குடல், கல்லீரல் எல்லாம் வேண்டும். இந்தக் கலந்தாய்வில் சாதி வாரி இட ஒதுக்கீடு கிடையாது. காப்புத்தொகை 2 லட்சம், பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். எம்.எஸ். உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் கொஞ்சம் ஒதுக்கி இந்த இரண்டு லட்சத்தைச் சேர்த்து வையுங்கள். பதிவுக்குக் கிடைக்கும் சில நாள்களில் கடன் தேடி அலைவது பெரும் வேதனை. எய்ம்ஸ், ஜிப்மர், பி.ஜி.ஐ. போன்றவற்றுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தனி. அதில் எழுத்துத் தேர்வுக்குப் பின் துறை நடத்தும் இரண்டாம் கட்ட மதிப்பீடும் இருக்கும். வார்டில் நோயாளியைப் பரிசோதித்த பழக்கம் அங்கேதான் கைகொடுக்கும்.

7. பணமும் பாண்டும்

அரசுக் கல்லூரிகளிலும் மத்திய நிறுவனங்களிலும் படிப்புக் கட்டணம் பெரும் சுமை இல்லை. டி.என்.பி., டி.ஆர்.என்.பி. படிப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்குப் பல லட்சம் போகும். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால், ஆறு ஆண்டு முடியும்வரை பெரிய சம்பளம் வராது என்பதை வட்டியோடு கணக்கிட்டுப் பாருங்கள். மத்திய நிறுவனங்களில் எம்.எஸ். படிக்கும் இளநிலை ரெசிடென்டுக்கு அடிப்படை ஊதியம் 56,100, எம்.சிஎச். படிக்கும் முதுநிலை ரெசிடென்டுக்கு 67,700 ரூபாய். படிகள் தனி.

படிப்பு முடித்ததும் அரசுப் பணி செய்வதாக எழுதித்தரும் பணி உறுதிப் பத்திரத்தில் (பாண்டு) கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எத்தனை ஆண்டு அரசுப் பணி, மீறினால் எத்தனை லட்சம், எம்.எஸ். முடித்து உடனே எம்.சிஎச். கிடைத்தால் பணியைத் தள்ளிவைக்க அனுமதி உண்டா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். பாண்டு நிலுவையில் இருக்கும்போது அசல் சான்றிதழ்கள் கல்லூரியிலேயே இருக்கும். எம்.சிஎச். சேர்க்கைக்கு அவற்றை வாங்க ஒரு கடிதம் மூன்று மேசைகளுக்குப் போக வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்தது சேர்க்கையின் கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு. நீட் எஸ்.எஸ். முடிவு வந்த அன்றே விண்ணப்பம் கொடுத்திருந்தால் அந்த ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

8. சேர்க்கைக்குப் போகும் நாள்

ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் ரயில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கிளம்பத் தயாராக இருங்கள். கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பே ஊர் சேருங்கள். அசல் சான்றிதழ்களோடு சுய சான்றொப்பமிட்ட நகல்கள் நான்கு செட், வெற்றுத்தாள்கள், முத்திரைத்தாள், பாண்டுக்குக் கையெழுத்திட வேண்டிய பிணையாளரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பிணையாளர் நேரில் வர வேண்டுமா என்பதைக் கல்லூரி அலுவலகத்துக்கு முந்தைய நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். கட்டணத்தை டி.டி.யாக வாங்குகிறார்களா, இணையத்திலா என்பதையும் அதே அழைப்பில் கேளுங்கள். சனிக்கிழமை வங்கி மூடியிருந்ததால் டி.டி. எடுக்க முடியாமல் தவித்த ஒருவரோடு நான் வரிசையில் நின்றிருக்கிறேன்.

சான்றிதழ்களைக் கொடுத்ததும், எந்தெந்த அசல்களைப் பெற்றுக்கொண்டார்கள் என்று பட்டியலிட்டு, முத்திரையோடு ரசீது வாங்குங்கள். கணினியில் உங்கள் சேர்க்கை பதிவாகி, சேர்க்கைக் கடிதம் உங்கள் முன்னாலேயே அச்சாகி வரும்வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.